இருபத்தைந்து வருடப் பழக்கம்: விட்டால் தலை வேலை செய்ய மறுக்கிறது, என்ன வழி?

பேனாமுனை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சிகரெட் பிடிக்க ஆரம்பித்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நாளுக்கு ஒரு பாக்கெட், வேலை நெருக்கும் நாட்களில் அதற்கு மேலும் போகும். காலையில் கண் விழித்ததும், பல் தேய்ப்பதற்கு முன்பே ஒன்றைப் பற்றவைத்தாக வேண்டும், அப்படி ஒரு பழக்கம்.

விட முயற்சி செய்யாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் நடப்பது ஒன்றுதான். முதல் நாளை வைராக்கியத்தில் ஓட்டிவிடுகிறேன், இரண்டாம் நாள் மூன்றாம் நாள் மூளை மந்தமாகிவிடுகிறது. என் வேலை முழுக்க எழுத்து வேலை. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் என்ன படித்தேன் என்று மனசில் நிற்காது, எழுதிய வரியையே அடித்து அடித்து எழுதிக்கொண்டிருப்பேன், யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கூடச் சுள்ளென்று கோபம் வரும். கொடுக்க வேண்டிய நேரம் நெருங்க நெருங்க, இதை மட்டும் முடித்துவிட்டு நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஒன்றைப் பற்றவைப்பேன். இரண்டு இழுப்பில் தலை தெளிந்துவிடும், வேலையும் முடிந்துவிடும். அதோடு சரி, பழைய கணக்குக்கே திரும்பிவிடும்.

ஒரேயடியாக விடுவதா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா? இந்த மந்தம் தானாகப் போய்விடுமா, இல்லை இத்தனை வருடத்தில் சிகரெட் இல்லாமல் மூளை ஓடவே ஓடாது என்ற நிலைக்கு வந்துவிட்டேனா? இன்னொன்று, விட்ட நாட்களில் இருமல் குறையும் என்று பார்த்தால் கூடுகிறது, சளியும் வருகிறது. அது எதனால்? நிகோடின் சூயிங்கம் வாங்கி மென்று பார்த்தேன், தொண்டை எரிந்து விக்கல் வந்ததுதான் மிச்சம். மனசு வைத்தால் முடியும் என்ற பதில் மட்டும் வேண்டாம், மனசு வைத்துத்தான் கேட்கிறேன்.


மலைநடை எழுதியது:

உங்களைவிட நான் சில வயது மூத்தவன், உங்களைப் போலவே கண் விழித்ததும் பற்றவைத்தவன், விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. அதனால் முதலில் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: உங்கள் மூளை கெட்டுப்போகவில்லை. அந்த மந்தம் நிகோடின் இறங்கும்போது வருவது, அதற்கு ஒரு கால அளவு இருக்கிறது, போய்விடும்.

புகையை இழுத்த பத்து இருபது விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் இரத்தத்தில் ஏறியதில் பாதி சுமார் 2 மணி நேரத்தில் கரைந்துவிடும். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தால் ஏறக்குறைய காலி, அதனால்தான் காலையில் அந்தத் தவிப்பு. வருடக்கணக்கில் புகைத்தவரின் மூளையில் நிகோடின் வந்து ஒட்டும் ஏற்பிகள் எண்ணிக்கையில் பெருகிவிடுகின்றன, அத்தனையும் கிடைக்கவில்லை கிடைக்கவில்லை என்று கேட்பதைத்தான் நீங்கள் எரிச்சலாகவும் கவனக் குறைவாகவும் உணர்கிறீர்கள். இரண்டு இழுப்பில் தலை தெளிந்தது என்கிறீர்களே, அந்தத் தெளிவு சிகரெட் தந்தது இல்லை. அது உண்டாக்கிய மந்தத்தை அதுவே கொஞ்ச நேரம் நீக்கியது, அவ்வளவுதான். சிகரெட்டே தொடாதவருக்கு அந்தத் தெளிவு நாள் முழுக்கச் சும்மாவே இருக்கிறது.

கடைசி சிகரெட்டை அணைத்த சில மணி நேரத்தில் இது தொடங்கும், இரண்டாம் நாள் மூன்றாம் நாள் உச்சத்தில் இருக்கும், அப்புறம் இறங்க ஆரம்பித்து மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். பெருகிய ஏற்பிகள் பழைய அளவுக்கு வர 6 முதல் 12 வாரம் வரை ஆகும் என்று மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வு சொல்கிறது. இப்போது நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் சரியாக உச்சத்தில்தான் திரும்பப் பற்றவைத்திருக்கிறீர்கள். அதைத் தாண்டிய நாட்கள் எப்படி இருக்கும் என்று பார்க்க உங்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. இறங்கத் தொடங்கும் இடம் வெகு பக்கத்தில் இருக்கிறது.

ஆகவே தேதி குறிக்கும்போது அந்த முதல் வாரத்தில் முக்கியமான எழுத்து எதுவும் இல்லாதபடி குறியுங்கள். விடுமுறை எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் தலையைக் கசக்காத வேலையாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான் பழைய கோப்புகளை அடுக்குவது, தேதி சரிபார்ப்பது, பட்டியல் எழுதுவது என்று ஒதுக்கி வைத்துத்தான் அந்த வாரத்தைக் கடந்தேன். தரம் குறைவான வாரமாக அது போனால் போகட்டும். உங்கள் வேலையை உயிராக நினைப்பவர் என்பது எழுத்திலேயே தெரிகிறது, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒரேயடியாகவா, குறைத்துக் குறைத்தா என்ற கேள்விக்கு நேரடியாகவே ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. பிரிட்டனில் ஏறக்குறைய 700 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைக்கவும் மீதிப் பேரைக் குறித்த நாளில் சட்டென்று நிறுத்தவும் சொன்னார்கள். 2016 இல் முடிவு வெளிவந்தது. நான்காவது வாரத்தில் சட்டென்று நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் தாக்குப்பிடித்தார்கள், குறைத்தவர்களில் 39 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு பக்கத்தாருக்கும் நிகோடின் மருந்தும் ஆலோசனையும் கொடுத்தார்கள். வெறும் கையோடு யாரையும் அனுப்பவில்லை. என்னைக் கேட்டால் உங்கள் பழைய முயற்சிகளில் இல்லாமல் போனது அதுதான், வைராக்கியம் இல்லை.

குறித்த நாளுக்கு முந்தைய சாயங்காலம் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். பாக்கெட்டை மட்டும் எறிந்தால் போதாது. மேஜை இழுப்பறையின் மூலையில் கிடக்கும் லைட்டர், வண்டியில் செருகி வைத்தது, பழைய பையின் அடியில் தையல் ஓரத்தில் படிந்திருக்கும் புகையிலைத் தூள் வரைக்கும். நான் ஒரு பையைத் தலைகீழாக உதறியபோது உள்ளே நசுங்கிப் போன அரை சிகரெட் ஒன்று கிடைத்தது. இரண்டாம் நாள் ராத்திரி அது என் கண்ணில் பட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன். ஆஷ்ட்ரேயைக் கழுவி வைக்காதீர்கள், வெளியே அனுப்பிவிடுங்கள்.

தவிப்பு என்பது இடைவிடாமல் இருக்காது. திடீரென்று ஏறும், சில நிமிடம் பிடித்து உலுக்கும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இறங்கும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து அது இறங்குவதை ஒரு தடவை கண்ணால் கண்டுவிட்டால் அடுத்தது வரும்போது பயம் பாதி போய்விடும். எழுதுபவருக்கு ஆபத்தான நேரம் ஒரு பத்தி முடிந்து அடுத்தது தொடங்காத அந்த இடைவெளிதான். கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும், உங்களுக்கே தெரியாது. பத்தி முடிந்ததும் எழுந்து நின்றுவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். முகம் கழுவுங்கள், நான்கு எட்டு நடங்கள், தண்ணீர் குடியுங்கள், எதுவானாலும் சரி, உட்கார்ந்த இடத்திலேயே யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். பையில் பேனா இருக்கட்டும், கைக்குப் பிடிக்க ஒன்று வேண்டும்.

இருமலைப் பற்றி: மூச்சுக்குழாயின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முடிகள் இருக்கின்றன. சளியையும் தூசியையும் மேலே தள்ளுவது அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்கிவிடுகிறது. விட்டதும் அவை திரும்ப வேலையைத் தொடங்க, தேங்கிக் கிடந்தது வெளியே வருகிறது. சில வாரம் இருந்துவிட்டுக் குறையும். ஆனால் சளியில் இரத்தம் தெரிந்தாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, வாரக்கணக்கில் இருமல் நிற்கவே இல்லை என்றாலோ, விட்டதால்தான் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இத்தனை வருடம் பிடித்தவர்கள் அதில் தயங்கவே கூடாது.


மருந்துப்பெட்டி எழுதியது:

ஐயா, நான் மருந்தாளுநர். சூயிங்கத்தால் விக்கல் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்ததும் பதில் எழுதாமல் போக மனசு வரவில்லை. ஏனென்றால் வாங்கிப் போகிறவர்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் இது சரிவராது என்று கைவிட்டுவிடுகிறார்கள், யாரும் அவர்களுக்கு மெல்லும் விதத்தைச் சொல்லித் தருவதில்லை.

அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மெல்லக் கூடாது. நிகோடின் உள்ளே போக வேண்டியது வாயின் உள்தோல் வழியாக. விடாமல் மென்றால் அது எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும், அங்கே போனால் எரிச்சலும் விக்கலும்தான், பலனும் குறைவு. மெதுவாகச் சில தடவை மெல்லுங்கள், மிளகு கடித்த மாதிரி ஒரு காரம், ஒரு சுறுசுறுப்பு நாக்கில் தெரியும். தெரிந்ததும் நிறுத்திவிட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். காரம் மங்கியதும் திரும்பவும் இரண்டு மூன்று தடவை மென்று, இந்தத் தடவை மறுபக்கம் ஒதுக்குங்கள். இப்படி ஒன்று அரை மணி நேரம் வரும். வாயில் இருக்கும்போதும், அதற்கு முன் கால் மணி நேரமும் காபி, பழச்சாறு, குளிர்பானம் எதுவும் வேண்டாம், வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் உள்ளே ஏறாது. தண்ணீர் பரவாயில்லை.

அளவும் முக்கியம். 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு உண்டு. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பிடிப்பவருக்கு 4. நீங்கள் பல் தேய்ப்பதற்கு முன்பே என்கிறீர்கள், அதனால் உங்களுக்கு 4 தான். எவ்வளவு அடிமைப்பட்டிருக்கிறோம் என்று அளக்கும் ஃபாகர்ஸ்ட்ரோம் சோதனையிலும் இந்தக் காலை சிகரெட் கேள்விக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. முதல் ஆறு வாரத்துக்கு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று போட வேண்டும், தவிப்பு வந்து கழுத்தைப் பிடித்த பிறகு அல்ல. தாங்க முடியாதபோது மட்டும் ஒன்று என்று சேமித்துச் சேமித்துப் பயன்படுத்துவதால்தான் பலருக்கு அது எட்டுவதில்லை. நாளுக்கு 24 ஐத் தாண்டக் கூடாது.

இன்னும் நல்லது, பேட்ச்சோடு சேர்த்துப் போடுவது. தோலில் ஒட்டும் பேட்ச் நாள் முழுக்கச் சீராக நிகோடினைக் கொடுத்துக்கொண்டிருக்கும், நடுவில் திடீரென்று ஏறும் தவிப்புக்குச் சூயிங்கம். இரண்டையும் சேர்த்துப் போடுபவர்கள் ஒன்றை மட்டும் போடுபவர்களைவிட அதிகம் வெற்றி பெறுகிறார்கள் என்பது நிறையப் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்து உறுதியான விஷயம். நாளுக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவர் 21 மில்லிகிராம் பேட்ச்சில் தொடங்குவது வழக்கம். ஆறு வாரம், அப்புறம் 14 இல் இரண்டு வாரம், 7 இல் இரண்டு வாரம். நிகோடினையே உடம்பில் ஒட்டிக்கொள்வதா என்று சிலர் பயப்படுகிறார்கள். அடிமையாக்குவது நிகோடின்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் புற்றுநோயும் நுரையீரல் நாசமும் எரியும் புகையிலையின் புகையால் வருவது, அதில் ஆயிரக்கணக்கான இரசாயனங்கள் இருக்கின்றன, கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது. பேட்ச்சில் புகை இல்லை. போதாதற்கு அதிலிருந்து நிகோடின் மெதுவாகத்தான் ஏறும், இழுப்பில் ஏறுவது போலச் சட்டென்று தலைக்கு ஏறாது, அதனால் அதற்கு அடிமையாகும் வாய்ப்பும் குறைவு.

மாத்திரையும் உண்டு. வரெனிக்லின் 2006 இல் வந்தது, அதே ஏற்பிகளில் போய் அரைகுறையாக ஒட்டிக்கொண்டு தவிப்பையும் குறைக்கும், நடுவில் ஒன்று பிடித்தாலும் அந்தச் சுகத்தைத் தராது. விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி பன்னிரண்டு வாரம் சாப்பிட வேண்டும். குமட்டலும் விசித்திரக் கனவுகளும் வரலாம். புப்ரோபியான் இன்னொன்று, வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. இரண்டுமே மருத்துவர் பார்த்து எழுதித் தர வேண்டியவை. இதய நோய் இருந்தால், குறிப்பாகச் சமீபத்தில் மாரடைப்பு வந்திருந்தால், பேட்ச்சைக்கூட அவரிடம் கேட்காமல் ஒட்டாதீர்கள்.

அப்புறம், அதிகம் பேர் அறியாத ஒன்று. புகை, கல்லீரலில் காபியின் கஃபீனைச் சிதைக்கும் நொதியை முடுக்கிவிட்டிருக்கும். புகைப்பவருக்குக் காபி சீக்கிரம் வெளியேறும், விட்டதும் அந்த வேகம் குறைந்துவிடும். வழக்கமாகக் குடிக்கும் அதே அளவு காபியே இப்போது இரத்தத்தில் இரண்டு மடங்கு வரை தங்கிவிடும். படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம் எல்லாம் வரும், அதை நிகோடின் தவிப்பு என்று நினைத்துச் சிகரெட்டைத் தேடுவார்கள். விடும் நாளிலிருந்து காபியைப் பாதியாக்கிவிடுங்கள். இதே காரணத்தால் தியோபிலின், ஓலன்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் சாப்பிடுபவர்களுக்கு அளவை மாற்ற வேண்டி வரும், சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களும் கவனமாக அளந்து பார்க்க வேண்டும். நீங்கள் வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?


பேனாமுனை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உச்சத்தில்தான் திரும்பப் பற்றவைத்திருக்கிறீர்கள் என்று எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் எனக்கு இதை இப்படிச் சொன்னதில்லை. இரத்த அழுத்தத்துக்கு மட்டும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், வேறு எதுவும் இல்லை. காபிதான் அதிகம்.

இன்னும் இரண்டு கேள்வி. ஒரு பாக்கெட்டிலிருந்து நாளுக்கு ஒன்று இரண்டு என்று குறைத்து அதிலேயே நின்றுவிட்டால் பெரும் பகுதி ஆபத்து போய்விடாதா? அல்லது லைட் என்று விற்ற சிகரெட் மாதிரி தார் குறைந்ததற்கு மாறுவது? இரண்டாவது, இதை வெளிப்படையாகவே கேட்டுவிடுகிறேன்: இந்த வயதில், இத்தனை வருடம் கழித்து, விட்டு உண்மையிலேயே பலன் இருக்கிறதா? கெட வேண்டியது கெட்டுவிட்டது என்று ஒரு எண்ணம் ராத்திரியில் வருகிறது.


ஆய்வேடு எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில். பிரிட்டனில் ரிச்சர்ட் டோல் என்ற ஆய்வாளர் 1951 இல் மருத்துவர்களிடமே அவர்கள் புகைக்கும் பழக்கத்தைக் கேட்டு எழுதி வாங்கத் தொடங்கினார். 34,000 க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களை ஐம்பது வருடம் விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். அவரும் ரிச்சர்ட் பெட்டோவும் சேர்ந்து 2004 இல் முடிவை வெளியிட்டார்கள். வாழ்நாள் முழுக்கப் புகைத்தவர்கள், தொடாதவர்களைவிடச் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாக இறந்தார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்து வருடமும் ஏறக்குறைய திரும்பக் கிடைத்தது, 40 இல் விட்டவர்களுக்கு ஒன்பது, 50 இல் விட்டவர்களுக்கு ஆறு, 60 இல் விட்டவர்களுக்குக்கூட மூன்று. டோலும் முதலில் புகைத்தவர்தான், நுரையீரல் புற்றுநோய் பற்றிய தன் ஆரம்ப ஆய்வின் முடிவு தெளிவாகத் தொடங்கியபோது விட்டுவிட்டார். 92 வயது வரை வாழ்ந்தார்.

ஆறு வருடம் என்பது சின்ன விஷயமா சொல்லுங்கள். அதுவும் சராசரிதான். வருடக் கணக்குக்கு முன்பே தெரியும் மாற்றங்களும் உண்டு. இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஒன்றிரண்டு நாளில் இயல்பு அளவுக்கு வந்துவிடும். புகையால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து ஒரு வருடத்தில் ஏறக்குறைய பாதியாகிறது. நுரையீரல் புற்றுநோய் ஆபத்து மெதுவாகத்தான் இறங்கும், பத்து வருடத்தில் தொடர்ந்து புகைப்பவருக்கு இருப்பதில் பாதி அளவுக்கு வரும். ஏற்கெனவே நுரையீரலில் சிதைந்த பகுதி திரும்ப முளைக்காது, அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் மேற்கொண்டு சிதையும் வேகம் குறைகிறது. ஐம்பதிலிருந்து எழுபதுக்குள் மாடிப்படி ஏற முடியுமா முடியாதா என்பதை அந்த வேகம்தான் தீர்மானிக்கிறது.

நாளுக்கு ஒன்று இரண்டு என்ற கணக்கு இதயத்திடம் செல்லாது. 2018 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 141 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து எழுதினார்கள். நாளுக்கு 20 பிடிப்பவருக்கு எவ்வளவு கூடுதல் இதய ஆபத்தோ, அதில் ஏறக்குறைய பாதி நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் இருக்கிறது. உங்களுக்கு இரத்த அழுத்தம் வேறு. அதுவுமல்லாமல் அந்த ஒன்றுக்காக நாள் முழுக்கக் காத்துக்கொண்டே இருப்பீர்கள், தவிப்பு அடங்கவே அடங்காது.

லைட் விஷயம் முழுக்க ஏமாற்று. அந்த வகை சிகரெட்டை எடுத்து ஃபில்டரைச் சுற்றி உற்றுப் பாருங்கள், வரிசையாக ஊசிமுனைத் துளைகள் தெரியும். அளக்கும் இயந்திரம் இழுக்கும்போது அந்தத் துளை வழியாக வெளிக்காற்று புகுந்து புகையை நீர்க்கச் செய்யும், தார் குறைவாகப் பதிவாகும். மனிதர் பிடிக்கும்போது விரலும் உதடும் அந்தத் துளைகளை மூடிக்கொள்ளும், போதாததற்கு நிகோடின் எட்டும் வரை ஆழமாகவும் அடிக்கடியும் இழுப்போம். அதற்கு மாறிப் பல வருடத்தை வீணடித்தவர்கள் எத்தனையோ பேர்.


வெண்பனி எழுதியது:

அண்ணா, நான் புகைத்தவள் இல்லை, என் கணவர் விட்டார். வீட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது.

அவர் விட்ட முதல் வாரங்களில் எங்களுக்குப் பேச்சே ஒத்துவரவில்லை. தட்டை வைக்கும் சத்தத்துக்குக்கூடக் கோபம். ராத்திரி தூக்கம் இல்லை, வாய்ப்புண், மலச்சிக்கல், காரணமே இல்லாமல் ஒரு சோர்வு. இதெல்லாம் விடும்போது வரக்கூடியவை என்று எங்களுக்கு அப்போது தெரியவில்லை. புது நோய் வந்துவிட்டதோ என்று பயந்தோம். மருத்துவர் விளக்கிய பிறகுதான் மூச்சு வந்தது. அதனால் உங்கள் வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள்: இந்தத் தேதியிலிருந்து விடுகிறேன், சில வாரம் சிடுசிடுப்பேன், அது உங்கள் மேல் இல்லை, அப்போது என்னைக் கொஞ்சம் தனியாக விட்டுவிடுங்கள் என்று. சொல்லி வைத்துவிட்டால் தாங்குகிறவர்களுக்குப் பெரிய தெம்பு.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்ததும் இன்னும் பிடிக்கவில்லையா, எத்தனை நாள் ஆச்சு என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது சிகரெட்டை ஞாபகப்படுத்தியது. அப்புறம் நானே எல்லோரிடமும் சொல்லி அந்தப் பேச்சை நிறுத்தினேன். அவர் நடக்கக் கிளம்பினால் கூடவே போனேன், அவ்வளவுதான் நான் செய்தது.

எடையைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஏறும் அண்ணா. முதல் வருடத்தில் சராசரியாக நான்கைந்து கிலோ ஏறுவது வழக்கம்தான் என்று எங்களுக்குச் சொன்னார்கள், அவருக்கும் ஏறியது. பசி கூடும், நாக்குக்கு ருசி திரும்பி வரும். முதல் மாதத்தில் எடையையும் குறைக்கிறேன் என்று பட்டினி கிடக்க வேண்டாம், பசியும் தவிப்பும் சேர்ந்தால் தாங்காது. சிகரெட் முழுதாகப் போகட்டும், எடையைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

சோர்வு நாளாக நாளாகக் குறையாமல் ஆழமாகிக்கொண்டே போனால் மட்டும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு எதிர்மாறாகத்தான் நடக்கிறது, விட்டுச் சில மாதம் கழித்துப் பார்த்தால் பதற்றமும் மனச்சோர்வும் முன்பைவிடக் குறைந்திருக்கும். என் கணவரிடம் அந்த மாற்றத்தை நான் கண்ணாரப் பார்த்தேன்.


மலைநடை எழுதியது:

வெண்பனி எழுதியது அத்தனையும் உண்மை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், வழுக்கினால் என்ன செய்வது என்பது. நடுவில் எங்கேயோ ஒன்று பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மனசு சொல்லும், போச்சு, எல்லாம் போச்சு, இனி இந்தப் பாக்கெட்டை முடித்துவிட்டு அடுத்த மாதம் பார்க்கலாம் என்று. கெடுப்பது அந்த ஒரு சிகரெட்டைவிட இந்தப் பேச்சுதான். மீதிப் பாக்கெட்டை அப்படியே தண்ணீரில் நனைத்து எறிந்துவிட்டு, பேட்ச்சையும் கழற்றாமல், அந்த மணியிலிருந்தே தொடருங்கள். எந்த இடத்தில், யாரோடு இருக்கும்போது அது நடந்தது என்று மட்டும் குறித்து வையுங்கள். அந்த இடத்துக்குச் சில வாரம் போக வேண்டாம்.

நிரந்தரமாக விட்டவர்களில் பெரும்பாலோர் முதல் முயற்சியிலேயே விட்டவர்கள் இல்லை. உங்கள் பழைய முயற்சிகளும் கணக்கில் சேரும்.


பேனாமுனை எழுதியது:

கையில் இருக்கும் எழுத்து வேலை இந்த மாத நடுவில் முடிகிறது. அதற்கு அடுத்த நாளைக் குறித்துவிட்டேன், ஒரு வாரம் விடுமுறையும் கேட்டிருக்கிறேன். வீட்டிலும் சொல்லிவிட்டேன். பேட்ச்சும் 4 மில்லிகிராம் சூயிங்கமும்தான் என்று முடிவு. மருந்துப்பெட்டி அம்மா, பேட்ச்சை அன்றைக்கு எப்போது ஒட்ட வேண்டும், எங்கே? கனவு வரும் என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது? வேலை தொடங்கும்போது சூயிங்கத்தைப் பத்திக்கு நடுவிலேயே போடலாமா?


மருந்துப்பெட்டி எழுதியது:

நல்ல முடிவு ஐயா, மனசுக்கு நிறைவாக இருக்கிறது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதால் தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அழுத்தத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

குறித்த நாள் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஒட்டுங்கள். மேல்கை, மார்பு, தோள்பட்டை என்று முடி இல்லாத, உலர்ந்த, காயமில்லாத இடமாகப் பார்த்து ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். எண்ணெயோ கிரீமோ தடவியிருந்தால் ஒட்டாது. பேட்ச் முழு அளவுக்கு ஏறச் சில மணி நேரம் ஆகும், அந்தக் காலை நேரத்தை முதல் சூயிங்கம் பார்த்துக்கொள்ளும், அதனால் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்குங்கள். பத்திக்கு நடுவில் தாராளமாகப் போடலாம். இன்னும் சரியாகச் சொன்னால், எழுத உட்காருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போட்டுவிடுங்கள், ஏறுவதற்கு அவ்வளவு நேரம் ஆகும்.

ஒட்டிய இடத்தில் லேசான அரிப்பும் சிவப்பும் வரலாம், தினமும் இடத்தை மாற்றினால் அடங்கும், ஒரே இடத்தில் ஒரு வாரத்துக்குள் திரும்ப ஒட்ட வேண்டாம். கனவு தொல்லை தந்தால் படுக்கப் போகும்போது கழற்றிவிட்டுக் காலையில் புதிது ஒட்டுங்கள். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள், பயன்படுத்தியதிலும் நிகோடின் மிச்சம் இருக்கும். நன்றாக இருக்கிறது என்று மூன்றாவது வாரத்திலேயே நிறுத்திவிடாதீர்கள், நன்றாக இருப்பதே அது ஒட்டியிருப்பதால்தான். முழு அளவையும் முடியுங்கள். விடுமுறை முடிந்து முதல் பக்கத்தை எழுதியதும் எப்படி இருந்தது என்று இங்கே எழுதுங்கள், அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளலாம்.